கௌரவம் பெயரில் மாத்திரம் போதுமா?



இந்தக் கரிசல் காட்டுப் பிள்ளைகளில் சிலர் பி.எச்டி. வரை படித்துச் சர்வகலாசாலை ஆசிரியர்களாக ஆசைப்படுகிறார்கள். மெத்தச் சரி. பருத்தி எடுத்தும், தீப்பெட்டி ஒட்டியும் வயிறு வளர்த்த குடும்பத்தில் ஒருவன் பேராசிரியனாவதைவிட மனுதர்மத்துக்கு வேறென்ன பதில் வேண்டும்? ஆனால் அந்த வேலையில் முப்பது வருஷம் மனங்கசக்காமல் நிலைத்திருக்க என்ன வேண்டுமென்பதே கேள்வி.

சிலர் நாற்காலி நிலைத்ததும் ‘குரு’ ஆகிவிடுகிறார்கள். ஆராய்ச்சி மாணவன் காய்கறி வாங்கி வரவேண்டும். பை தூக்க வேண்டும். கையெழுத்துக்காகக் காலில் விழ வேண்டும். கட்டைவிரல் கேட்ட துரோணன் கதையைக் கேட்டுச் சிரிக்கிற நாம் இதைக் கண்டும் சிரிக்க வேண்டாமா? எதிர்த்துக் கேட்க ஆளில்லாத வாத்தியாரின் அறிவு அன்றோடு நின்று போகிறது. பிறகு இருபது வருஷமும் அதே பழைய நோட்டுத்தான். அவருக்கே சலித்துப் போகாதா?

மனநிறைவு வேலையில் இருக்கிறது. நம் ஊர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். 1901-ல் ஏற்பட்டது, இன்று கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நம் மானாவாரிக் கரிசலிலோ ஐப்பசி மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. ஆகவே பருத்தியிலோ சோளத்திலோ புது ரகம் தேடுகிறவன் அதை இந்த மண்ணில் சோதித்துப் பார்க்க வருஷத்துக்கு ஒரே தடவைதான். மழை பொய்த்தால் அதுவுமில்லை. குடியானவன் கையில் நம்பிக் கொடுக்கப் பத்து வருஷமானாலும் ஆகும். அடுத்த வருஷம் வேலை உண்டோ இல்லையோ என்று தவிக்கிறவனை வைத்துக்கொண்டு இந்தக் காரியம் நடக்குமா?

ஆனால் நம் அரசாங்கக் கலைக் கல்லூரிகளில் நடப்பதென்ன? ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று பட்டம்! அதே வகுப்பு, அதே பாடம், அதே விடைத்தாள். சம்பளத்தில் மாத்திரம் கௌரவத்தைக் காணோம். 2019-ல் யு.ஜி.சி., இப்படிப்பட்டவர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாமென்றது. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். அந்த ஐம்பதினாயிரத்தைக் கேட்டு இவர்கள் போராட்டம் நடத்த வேண்டியதாயிற்று. உபாத்தியாயர் தெருவில் உட்காரலாமா என்று கேட்கிற கனவான்கள் உண்டு. உபாத்தியாயர் பட்டினி கிடக்கலாம். அதற்குப் பெயர் தியாகமாம்!

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், நம் பிள்ளைகள் படிக்கிற கல்லூரியில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவக்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள். தெரியாதென்றால், கணக்கோடு மறுபடி வரச் சொல்லுங்கள்.