புல்லில் மிதக்கும் தீவுகள்

நீலகிரியில் சுற்றுலாப் பயணிகள் படகேறும் நீர்ப்பரப்புகளுள் இயற்கையாக அமைந்தது ஒன்றுகூட இல்லை. உதகை ஏரியாயினும் பைக்காரா நீர்த்தேக்கமாயினும், ஓடையையும் ஆற்றையும் மறித்து மனிதர் உண்டாக்கியவையே. கோடை விடுமுறையில் ஏஜியன் கடலில் பாய்மரப் படகேறித் தீவு தீவாகச் சுற்றிவரும் குடும்பங்களுக்கு வாய்க்கும் அனுபவத்துக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் ஒன்றைத் தேடினால், அதற்கு நெருங்கியது இந்த மலையின் நீரிலும் புல்வெளியிலும் கிடைக்கிறது. இங்கே பாய் விரிக்கும் படகு கிடையாது. தீவுகள் மட்டும் உண்டு, அவையும் நீரில் இல்லை.

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், மலையோடைகளைத் தேக்கி 1824ஆம் ஆண்டில் உருவாக்கிய உதகை ஏரி இன்று ஏறத்தாழ 65 ஏக்கர் பரப்புடையது. அன்று அது இதைவிட மிகப் பெரியது. இப்போது பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடங்கள் ஒரு காலத்தில் ஏரிக்குள் அடங்கியிருந்தவை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தில் துடுப்புப் படகு, மிதி படகு, மோட்டார் படகு ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. மிதி படகில் முன்னிருக்கையைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்வதும், மிதிகட்டை கால்களுக்கு எட்டாததால் சிறிது நேரத்திலேயே அந்த வேலை பெற்றோரிடம் வந்துசேர்வதும் இங்கே வழக்கம். நகரத்துக் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக நெடுங்காலம் கலந்துவந்ததால் இந்த நீரைத் தெளிந்த நீர் என்று சொல்வதற்கில்லை. ஏரியின் பெயர் பெரிதென்றாலும், ஒரு நாள் மட்டுமே கையில் இருக்கும் குடும்பம் அதைப் பைக்காராவுக்கு ஒதுக்குவதே மேல்.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், தலைகுந்தாவையும் காமராஜ் சாகர் அணையையும் கடந்து, திரைப்படப் பாடல் காட்சிகளால் தமிழர் அனைவருக்கும் பழகிய 'ஒன்பதாவது மைல்' புல்மேட்டையும் தாண்டி, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் பைக்காரா வருகிறது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் மறுவுலகின் வாயிலாகக் கருதிப் போற்றும் முக்கூர்த்தி மலைப்பகுதியில் பிறக்கும் பைக்காரா ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு, 1932ஆம் ஆண்டில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். ஆகவே, படகில் சுற்றிவரும் குடும்பம் உண்மையில் ஒரு மின் திட்டத்தின் நீரின் மேல்தான் மிதக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, ஒவ்வொரு மட்டமும் கரையில் ஒரு கோட்டை விட்டுச் செல்வதால், செம்மண் சரிவு முழுவதும் படிக்கட்டு அடுக்கியதுபோல் வரிவரியாகத் தெரியும். மே மாதத்தில் அந்த வரிகளை எண்ணியே நீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பிள்ளைகள் கணக்குப் போடலாம்.

தீவுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மோட்டார் படகு கரையை விட்டு நடுநீருக்கு வந்ததும் சுற்றிலும் உள்ள மேடுகளைப் பார்த்தால், உருண்ட முதுகுகளில் புல் மட்டும் படர்ந்திருக்க, இரு மேடுகள் கூடும் மடிப்புகளில் கரும்பச்சைத் திட்டுகளாக மரக்கூட்டம் ஒடுங்கியிருப்பது தெரியும். இந்தத் திட்டுகளுக்குப் பெயர் சோலை. பூங்கா என்ற பொருளில் நாம் சாதாரணமாக வழங்கும் சொல்லே இங்கு ஒரு தனிவகைக் காட்டைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் இதற்கு வேறு சொல் தேடாமல் 'ஷோலா' என்று நம்மிடமே எடுத்துக்கொண்டதால், உலகத் தாவரவியல் நூல்களில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. புல்லுக்கும் சோலைக்கும் இடையே படிப்படியான மாற்றம் கிடையாது. வெயிலில் நிற்பவர் நாலடி எடுத்துவைத்தால் இருட்டுக்குள் வந்துவிடுவார். அங்கே பாசி போர்த்திய குட்டையான மரங்களும், செம்பு நிறத் தளிர்களும், காலை வைத்தால் அமுங்கும் இலைமக்கும் இருக்கும். திறந்த மேட்டில் குளிர்கால இரவுகளில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவது, மரங்கள் மடிப்புக்குள்ளேயே நின்றுவிட்டதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று.

தீவு என்பது இங்கே வெறும் உவமை அன்று. தாழ்நில வெப்பத்தைக் கடந்து செல்ல முடியாத உயிரினங்கள் தங்கிவிட்ட மலையுச்சிகளை உயிரியலாளர் 'வானத்தீவுகள்' என்றே அழைக்கின்றனர். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைகளில் வாழும் சிறு பறவை ஒன்றும், கணவாய்க்குத் தெற்கே பழனி, ஆனைமலைப் பகுதிகளில் வாழும் அதன் உறவுப் பறவையும் தனித்தனி இனங்களாகிவிட்டன. 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இவற்றுக்கென ஒரு புதிய பேரினத்தை வகுத்து, சோலையில் வாழ்வது என்ற பொருளில் 'ஷோலிகோலா' என்று பெயரிட்டார்கள். கடல் பிரித்த தீவுகளில் நடப்பதை இங்கே ஒரு கணவாய் நடத்திக் காட்டியிருக்கிறது.

இந்தச் சோலைத் தீவுகளைச் சூழ்ந்து கடலாக நின்ற புல்வெளியோ பெருமளவு சுருங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரமும், இவ்வூரார் கற்பூர மரம் என்று அழைக்கும் யூகலிப்டஸும், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் பின்னர் ஆலைக் கூழுக்கும் எனப் புல்மேடுகளில் நெருக்கமாக நடப்பட்டன. தேயிலைத் தோட்டங்களும் தம் பங்குக்குச் சரிவுகளை எடுத்துக்கொண்டன. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் வேலையைப் புல்லும் சோலையும் சேர்ந்தே செய்பவை என்பதால், பைக்காராவின் கரையில் தெரியும் வரிகளுக்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

புறப்பட எண்ணுவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். கோடையில் பிற்பகலில் இடியுடன் மழை இறங்குவது வழக்கமாதலால் படகுப் பயணத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் மலையேற இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் மட்டுமே நீலகிரிக்குள் அனுமதிக்கப்பட்டன.