மரம் வெட்டினால் யாருக்குத் தண்டனை?

(மணலி புதுநகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடை ஏறுமுன் ஒரு தோழர் கேட்டார்: "அண்ணே, வாசலில் நிற்கும் வேம்பு கூரையில் இடிக்கிறது. வெட்டினால் கேஸ் வருமா?"

நியாயமான கேள்வி. மரம் யார் மண்ணில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். தெருவிலும் புறம்போக்கிலும் நிற்பது சர்க்கார் சொத்து. கேளாமல் வெட்டிக்கொண்டு போனால் திருட்டு வழக்கு; 3 ஆண்டுவரை சிறை. ஆகவே மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சர்க்கார் நிலத்து மரங்களுக்காக 2021-ல் மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தார்கள். மலைப் பகுதிகளிலோ 1955-ம் ஆண்டுச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

இந்தச் சட்டங்கள் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆலைப் புகையைக் குடிக்கிற நமக்கல்லவா நிழலின் அருமை தெரியும்! ஆனால் சட்டத்தின் தடி யார் முதுகில் விழுகிறது? அதுதான் கேள்வி.

தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடியில் வாச்சாத்தி என்றொரு கிராமம். மலைவாழ் மக்கள் கிராமம். சந்தனக் கட்டை பதுக்கியதாகச் சொல்லி, 1992 ஜூன் 20-ந் தேதி வனத்துறை, போலீஸ், ரெவின்யூ மூன்றும் சேர்ந்து புகுந்தன. குற்றம் நடந்திருந்தால் வழக்குப் போடு, கோர்ட்டில் நிறுத்து. அதற்குத்தானே சட்டம்? அவர்கள் செய்தது என்ன? ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளைத் தின்றார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். கைக்குழந்தைக்காரிகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள். சந்தனத்தை விற்றுப் பணம் குவித்தவன் அந்தக் குடிசைகளிலா இருந்தான்?

தோழர் நல்லசிவன் நீதிமன்றம் போனார். மலைவாழ் மக்கள் சங்கம் விடவில்லை. அந்தப் பெண்களும் மிரட்டலுக்கு அஞ்சாமல் அடையாளம் காட்டினார்கள். 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவாயிற்று. குற்றவாளிக் கூண்டில் 269 அதிகாரிகள், சிப்பந்திகள். வழக்கு இழுத்த இழுப்பில் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பளித்தது. அதில் ஒருவர்கூட விடுதலையில்லை! பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023-ல் அதே செப்டம்பர் 29-ந் தேதி, சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முப்பத்தொரு வருஷம், தோழர்களே.

இன்னொரு பக்கம் பாருங்கள். வடக்கே பிருந்தாவனத்தில் 2024-ல் ஒரு தனியார் நிலத்தில் 454 மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சுப்ரீம் கோர்ட் சும்மா விடவில்லை; மரத்துக்கு 1 லட்சம் வீதம் அபராதம் என்றது. நல்லதே. ஆனால் அந்த நிலக்காரர் வீட்டை எவனாவது இடித்தானா? அந்த வீட்டுப் பெண்கள்மேல் எவனாவது கை வைத்தானா?

வேம்பைப் பற்றிக் கேட்ட தோழர் கூட்டம் முடிந்ததும் வரட்டும். மனுவை இங்கேயே எழுதிவிடலாம். காகிதம் என்னிடம் இருக்கிறது. கிளையை வெட்டினால் போதுமென்றால் மரத்தைக் கேட்காதீர்கள்.