செர்பியாவின் பழைய பழ மரங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி கணக்கு எல்லாம் முடிந்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். செர்பியா நாட்டுப் பழ மரங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அவ்வளவு தூரம் எதற்கு சார்?" என்று பி பிளாக் நண்பர் கேட்டார். ஒரு மர வகை எப்படி ஊரை விட்டே போகிறது என்பதை அந்த நாட்டில் தெளிவாகப் பார்க்கலாம். அதனால்தான்.

ஐரோப்பாவின் தென்கிழக்கில், கடற்கரையே இல்லாத நாடு செர்பியா. தலைநகர் பெல்கிரேடுக்குத் தெற்கே ஷுமாதியா என்று ஒரு குன்றுப் பகுதி இருக்கிறது. அவர்கள் மொழியில் 'ஷுமா' என்றால் காடு. இன்று அங்கே பிளம்ஸ் தோப்புகள் நிறைய. கொடைக்கானலில் கூறு கட்டி விற்கிறார்களே, உருண்டையாக, சிவப்பாக, அந்தப் பிளம்ஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது நீள்வட்டமாக, கருநீலமாக இருக்கும். மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு மாவுப் படலம். பிட்டால் கொட்டை தனியாக வந்துவிடும். நல்ல இனிப்பு. பொஜெகாச்சா என்பது இதன் பெயர். பொஜெகா என்ற ஊரின் பெயரையொட்டி வந்தது.

இந்த ஒரு பழத்தை வைத்து அவர்கள் செய்வதைக் கேளுங்கள். பெரிய அண்டாவில் மணிக்கணக்கில் கிளறி, சர்க்கரையே சேர்க்காமல் கெட்டியாக இறக்குவது பெக்மெஸ். நம் வீட்டில் அல்வா கிண்டும்போது ஆள் மாற்றி ஆள் துடுப்புப் போடுவோமே, அதே பாடுதான். முழுப் பழத்தைப் பாகில் போடுவது ஸ்லாட்கோ. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முதலில் ஒரு கரண்டி ஸ்லாட்கோவும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுப்பார்கள். உலர்த்தியும் வைப்பார்கள். அப்புறம் ஷ்லிவொவிட்சா என்ற பழச்சாராயம். அதைக் காய்ச்சுவதும் பயன்படுத்துவதுமான வழக்கத்தை 2022-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. (செயலாளர் பயப்பட வேண்டாம், செய்முறை சொல்ல மாட்டேன்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டு மாங்கன்று வாங்கியவர்களுக்கு இது தெரியும். கொட்டையைப் போட்டால் தாய் மரத்தின் பழம் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆப்பிளும் பேரியும் அப்படித்தான். ஒரு வகை தொடர வேண்டுமென்றால், யாராவது குளிர்காலத்தில் குச்சி வெட்டி வைத்து, வசந்தத்தில் வேறொரு செடியில் ஒட்டுக் கட்ட வேண்டும். பொஜெகாச்சாவுக்கு அந்தச் சிரமமும் இல்லை. வேரிலிருந்து பக்கக்கன்று முளைக்கும். தோண்டி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் போதும். செலவே இல்லாமல் கைமாறிக் கைமாறி ஒரே மரம் ஊரெல்லாம் பரவியது.

அந்த வசதியே பிறகு வினையாகவும் ஆயிற்று. ஷார்கா என்று ஒரு வைரஸ் நோய், பிளம்ஸ் மரத்துக்கு வரும் அம்மை என்று சொல்லலாம். பல்கேரியாவில் முதலில் கண்டார்கள். 1930-களில் இந்தப் பக்கமும் வந்துவிட்டது. இலையில் வெளிறிய வளையங்கள் தோன்றும், பழத்தில் குழி விழும், பழுக்குமுன்பே உதிரும். பிடித்த மரத்துக்கு மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகும். நோயுள்ள மரத்தின் கன்றை அன்போடு கொடுத்தால், நோயும் கூடவே போகும். பொஜெகாச்சாவுக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. தோப்பு தோப்பாகப் போயிற்று.

சாச்சக் நகரில் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே ஸ்டான்லி என்ற அமெரிக்க வகையோடு பொஜெகாச்சாவைச் சேர்த்து உருவாக்கிய 'சாச்சான்ஸ்கா ரோத்னா' 1975-ல் வெளிவந்தது. இன்று பெரிய அளவில் பயிராகிறது. நல்ல வேலைதான், குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பேத்தி வந்துவிட்டாள் என்பதால் பாட்டி இருப்பதாக ஆகிவிடாதே!

பிளம்ஸுக்கு நோய் வந்தது. ஆப்பிள், பேரி கதை வேறு. அங்கே பெயர்களே ஒரு பஞ்சாங்கம். ஜூன் 28 விதோவ்தான் திருநாள். அதையொட்டிப் பழுக்கும் பேரி விதோவாச்சா. ஜூலை 12 புனித பேதுரு நாள். அதையொட்டிப் பழுக்கும் ஆப்பிள் பெத்ரோவாச்சா. வாற்கோதுமை அறுக்கும்போது பழுப்பது யெச்மென்கா. உள்ளே தர்பூசணி போலச் சிவந்திருக்கும் பேரி லுபெனிசார்கா. 'லுபெனிட்சா' என்றாலே தர்பூசணிதான். பூதிம்கா ஆப்பிளைப் பறித்துக் குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடலாம். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஒரு வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய ஆஸ்தி!

இவற்றை நோய் கொல்லவில்லை. மரம் உயரமாக வளரும், காய்க்கப் பல வருடம் பிடிக்கும், பழம் ஒரே அளவில் இருக்காது. கடைக்காரருக்கு இதெல்லாம் ஆகாது. இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட, வீடு பூட்டிக் கிடக்கிறது. மரம் உடனே சாவதில்லை, யாரும் பறிக்காமலே வருடா வருடம் காய்த்து உதிர்க்கும். இது இன்ன பழம், இன்ன நாளில் பறிக்க வேண்டும் என்று தெரிந்த கடைசிப் பெரியவர் போகும்போது, மரம் நிற்கும்போதே பெயர் போய்விடுகிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு மரம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அண்டா வைத்துக் கிளற அங்கே ஆள் இல்லை.

பிழைத்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தெற்குச் செர்பியாவில் ஒப்லாச்சினா என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நாட்டுப் புளிப்புச் செர்ரி. பழம் சிறியது, சாறு கருஞ்சிவப்பு, இதுவும் பக்கக்கன்றால் பரவியதுதான். பழுத்ததும் காம்பை விட்டுச் சுலபமாகக் கழன்று வரும். அதனால் இயந்திரத்தால் உலுக்கிப் பறிக்க முடிகிறது, உறையவைத்து ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் வசதி. அந்தக் கிராமத்துப் பெயரோடேயே இன்று பெரிய தோட்டங்களில் நிற்கிறது. காம்பு கொஞ்சம் கெட்டியாக இருந்திருந்தால் அதன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

கேள்வி இருந்தால் தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம்.