முன்னோரைத் தேடி: சென்சஸ் தராததைப் பெட்டி தரும்

(நம் சபையின் திருவனந்தபுரம் கிளையில் நடந்த குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)



"மாமா, நம்ம குடும்பத்தைப் பற்றிப் பழைய சென்சஸில் பார்க்க முடியாதா?" என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பே. இங்கிலாந்தில் நூறு ஆண்டு கழிந்தால் வீட்டு வாரியான தாள்களையே பார்க்கலாம். 1921-ம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளியாயின.

நம் ஊரிலும் கணக்கெடுத்தார்கள். திருவிதாங்கூரில் 1875 மே 18 அன்று எடுத்த கணக்கில் ஜனத்தொகை 23,11,379. அதன் அறிக்கையை எழுதியவர், பிற்பாடு 1906-ல் 'திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்' தந்த வி. நாகமய்யா. ஆனால் நம் கைக்கு வந்திருப்பவை மொத்தங்களும் அட்டவணைகளும்தான். வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. இன்றைய கணக்கும் பயன்படாது. 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. ஆகவே அந்தக் கதவு மூடியது என்று வைத்துக்கொண்டு வேறு வழி பார்ப்போம்.

முதல் வழி, பழைய ஜாதகம். அதில் 'பார்த்திப வருஷம், ஆடி மாதம்' என்று இருக்கும். எந்தப் பார்த்திப என்று இருக்காது. 60 வருஷத்துக்கு ஒரு பார்த்திப வரும்: 1825, 1885, 1945, 2005. எங்கள் ஆத்துப் பெட்டியில் அப்படி ஓர் ஓலை கிடைத்தது. தாத்தா 1885 பார்த்திபவில் பிறந்தவர். அவருடைய தாத்தாவும் பார்த்திபவில் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். வழக்கப்படி மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். ஆகப் பெயரும் ஒன்றே. இந்த ஓலை யாருடையது?

கட்டத்தைப் பார்த்தேன். குருவும் சனியும் இதற்கு உதவ மாட்டார்கள். குருவுக்கு ஒரு சுற்று சுமார் 12 வருஷம், சனிக்குச் சுமார் 30. அறுபதில் இருவரும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். ராகுவுக்கு ஒரு சுற்று 18.6 வருஷம். அறுபது வருஷத்தில் மூன்று சுற்று முடித்து, மேலும் 81 பாகை, அதாவது கிட்டத்தட்ட மூன்று ராசி, பின்னோக்கிப் போயிருப்பார். 1885 ஆடியில் ராகு கன்னியில்; 1825 ஆடியில் விருச்சிகத்தில். ஓலையில் ராகு விருச்சிகத்தில் இருந்தார். ஆகவே அது பெரியவருடையது. பி.எஸ்.சி.யில் படித்த கணக்கு எழுபது வயதில் இதற்குப் பயன்பட்டது!

இரண்டாவது, நிலம். 1883 முதல் 1911 வரை நடந்த நிலவரி செட்டில்மெண்டின் பதிவேடுகளில் நிலத்துக்கு உரியவர் பெயர் இருக்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுக்குப் போயின; அங்கே நிலம் இருந்த குடும்பங்கள் நாகர்கோவில் பக்கமும் விசாரிக்க வேண்டும். இன்னும் பழைய ஓலைகள் கோட்டையிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். பழைய லிபி தெரிந்தவரை உடன் அழைத்துப் போங்கள்.

பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். சிங்ஙம் முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பழைய பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டரில் தகப்பனார் பெயர் கிடைக்கும்.

மூன்றாவது வழி நம் நாக்கிலேயே இருக்கிறது. அமாவாசைத் தர்ப்பணத்தில் பொதுவாகப் பன்னிரண்டு பெயர் சொல்கிறோம். அப்பா பக்கம் மூன்று தலைமுறைத் தம்பதிகள், அம்மா பக்கம் மூன்று. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அப்பா இருந்தவரை அந்த 1825-ம் ஆண்டுப் பெரியவருக்கு எள்ளும் ஜலமும் விட்டார். அப்பா காலமாகி நான் ஆரம்பித்தபோது அப்பா பெயர் சேர்ந்தது, அவர் பெயர் விலகியது. ஒருவர் சேர ஒருவர் போவதே முறை. எழுதி வைக்காவிட்டால் அவர் இருந்ததே நாளைக்குத் தெரியாது.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். நான் பார்த்த பத்திரங்களில் அவர்கள் பெயர் அபூர்வம். என் அம்மாவின் பாட்டியைக் குடும்பத்தில் எல்லோரும் 'குஞ்சம்மா' என்றுதான் சொன்னார்கள். நிஜப் பெயர் பர்வதவர்த்தினி என்று 2009-ல் சொன்னவர், 91 வயதான என் பெரியம்மா. வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எட்டு மாதத்தில் பெரியம்மாவும் போய்விட்டார்.

கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைத் தெருக்களிலும் பழைய ஆங்கள் கைமாறுகின்றன. பரணில் இருக்கும் தகரப்பெட்டி பழைய சாமான் வாங்குபவரிடம் போகிறது. போகுமுன் திறந்து பாருங்கள். ஓலையோ காகிதமோ, இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் சர்ம நாமம், கூப்பிடும் பெயர், கோத்திரம், பிறந்த கிராமம், பெண்களானால் யார் ஆத்துப் பெண் என்பதையும் எழுதுங்கள். பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் தெரியாது, "அவா கல்யாணம் யார் ஆத்தில் நடந்தது?" என்று கேட்டால் கதையே வரும்.

கோப்பில் ஏறாத காரியம் நடக்காத காரியம் என்று என் உத்தியோக காலத்தில் சொல்வோம். இன்று வீட்டுக்குப் போனதும் பன்னிரண்டு பெயரையும் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அதைச் சொல்லக் கூடியவர் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவருக்குப் போன் செய்யுங்கள்.