ரேடியேட்டர் மூடியின் காவல்



திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். காரின் ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை அடக்கி வைப்பதால், உள்ளிருக்கும் நீர் சுமார் 120 பாகை வரை கொதிப்பதில்லை. அழுத்தம் மிகுந்தால் வால்வு திறந்து நீரைப் பக்கப் புட்டிக்கு அனுப்பும். இயந்திரம் ஆறியதும் மற்றொரு சிறு வால்வு அதனைத் திரும்பப் பெறும்.

ரப்பர் வளையம் வெடித்திருத்தல், மூடியோரம் கறை படிதல், ஆறியபின் மேற்குழாய் சப்பிக் கிடத்தல் ஆகியவை மூடி பழுதுற்றதன் அறிகுறிகள். அதே அழுத்த எண் பொறித்த புதிய மூடியைப் பொருத்துவோம்.

சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தம் நீங்கிய கணமே நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச் செய்யும். இயந்திரத்தை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னரே மூடியில் கை வைப்போம். மூடியின் விலை சிறிது, கண்ணுக்கு விலையில்லை.