மடங்கிய விரல்கள் நிமிரும்



கல்விக்கென எழுந்த சங்கத்தின் வெள்ளிவிழாவில் மருத்துவன் ஒருவன் கையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. எழுதுகோலைப் பிடிப்பது கையன்றோ!

தவழும் குழந்தை தணலிலோ கொதிக்கும் கஞ்சியிலோ கை வைத்துவிடுகிறது. புண் ஆறியதும் பெற்றோர் கவலை நீங்குகின்றனர். ஆனால் ஆழமாக வெந்த இடத்தில் உண்டாவது பழைய தோலன்று, தழும்பு. அது மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். உள்ளங்கை வெந்திருந்தால் விரல்கள் உள்ளே மடங்கும். குழந்தையின் எலும்பு வளரும். தழும்போ அதற்கு ஈடாக வளராது. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்ல முடக்கம் மிகும், மூட்டுகளும் இறுகும். இது தலைவிதியன்று.

தழும்பு கயிறுபோல் இழுத்தால், அதனை இசட் என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் வெட்டி, இரு முக்கோணத் தோல் மடல்களை இடம் மாற்றித் தைப்பர். தழும்பு அகன்றிருந்தால், அதனை அறுத்து விரல்களை நிமிர்த்தி, வெற்றிடத்தைத் தொடை இடுக்கிலிருந்து எடுத்த தோலால் மூடுவர். விரல்கள் மீண்டும் மடங்காதிருக்க மெல்லிய கம்பிகளைச் சில வாரங்கள் செருகி வைப்பதும் உண்டு.

அறுவை பாதி, மறுபாதி வீட்டில். ஒட்டிய தோலும் சுருங்கும் இயல்புடையது. ஆதலால் மாதக்கணக்கில் இரவில் சிம்பு கட்ட வேண்டும். பகலில் விரற்பயிற்சி வேண்டும். வளரும் பருவத்தில் மறு அறுவையும் தேவைப்படலாம். அது முதல் அறுவையின் தோல்வியன்று.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கென மருத்துவர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய பிரிவும், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவும் ஏழை எளியோருக்குத் திறந்தே இருக்கின்றன. ஆயினும் அன்றாடக் கூலியை இழந்து பெற்றோர் எத்தனை முறை வர இயலும்? பல குழந்தைகளின் சிகிச்சை இங்கேதான் அறுபடுகிறது.

இளைஞர்களே, உங்கள் கடமை இதுவே. மடங்கிய கையை மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வாராதிருக்கும் பிள்ளையைத் தெருத்தெருவாகத் தேடுங்கள். மருத்துவமனைக்கு முறைவைத்து உடன் செல்லுங்கள். பயிற்சி தவறாமல் பாருங்கள்.

கை சுட்டவுடன் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மையோ மாவோ பூசாதீர்கள். புண் சிறிதாயினும், கையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளியைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. பலகையைப் பிடிக்கும் கையையும் காத்தளிக்க வேண்டும்.