நம் பசியை நம் பிள்ளைகளே ஆராயட்டும்

(பதுளையில் தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வழக்கமாக நாங்கள் கூடுவது சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான். இன்றைக்குப் படிப்பைப் பற்றிப் பேசப்போகிறோம். ஆனால் இதுவும் சோற்றுப் பிரச்சினைதான்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கோதுமை மா விலை ஏறியது, ரொட்டி சிறுத்தது. அந்த ஆண்டு உலக உணவுத் திட்டம் எடுத்த கணக்கின்படி, நாட்டிலேயே சாப்பாட்டுக்கு அதிகம் கஷ்டப்பட்டவர்கள் தோட்டத்து மக்கள். தோட்டக் குடும்பங்களில் அரைவாசிக்கு மேல் அந்த நிலையில் இருந்தன. நெருக்கடிக்கு முன்பும் நிலைமை நன்றாக இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர்.

இந்தக் கணக்குகள் எமக்கு ஆயுதம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் "பிள்ளைகள் வளரவில்லை" என்று வாயால் சொன்னால் போதாது, எண்ணிக்கை வேண்டும். ஆனால் கேள்வி கேட்பது யார், எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் யோசிக்கவேண்டும்.

ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் உலகம் முழுவதும் எட்டுக் கேள்விகள் கேட்கிறது. கடந்த 12 மாதத்தில் சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா? ஒருவேளைச் சாப்பாட்டை விட்டீர்களா? நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா? எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் லயத்து வாசலில் நின்று கேட்டால், நம் அம்மாமார் என்ன சொல்வார்கள்? "சாப்பிட்டோம் ஐயா, நீங்க தேத்தண்ணி குடிங்க" என்பார்கள். மானம் உள்ள வீட்டில் அந்தப் பதில்தான் வரும்.

லயத்தில் பிறந்த பிள்ளை வேறு விதமாகக் கேட்கும். அரைப்பேர் விழுந்த மாதத்தில் கடைக் கொப்பியில் கடன் எவ்வளவு? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலை நல்ல விலை போகிறது. அதே வரட்சியில் கொழுந்து குறைகிறது. அந்த மாதங்களில் மலைக்குக் கொண்டுபோகும் பகல் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? இதையெல்லாம் கேட்டு ஒழுங்காக எழுதினால் அது ஆராய்ச்சி.

அமர்த்தியா சென் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைச் சிறுபிள்ளையாகக் கண்ணால் பார்த்தவர். பின்னாளில் அதை ஆராய்ந்து, அரிசி இருந்தும் வாங்கக் காசில்லாமல் கூலியாட்கள் செத்தார்கள் என்று காட்டினார். 1998இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடையில் சாமான் இருந்தும் சம்பளம் எட்டாத கதை எமக்குப் புதிதல்ல. அதை எழுத எமக்கும் ஆட்கள் வேண்டும்.

வழிகள் இருக்கின்றன. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்புக்கென்றே ஒரு நிறுவனம் 1975 முதல் இயங்குகிறது. வெளிநாடு போவதற்கு 1959இல் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் உண்டு. பிரித்தானியாவில் படிப்பதற்கான அந்தப் பரிசில் கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதப் படி எல்லாம் தருகிறது. அதற்குப் பொதுவாகப் பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவாவது வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பவேண்டும். உங்கள் படிப்பால் உங்கள் நாட்டுக்கு என்ன பயன் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு லயத்துப் பிள்ளையை விட நல்ல பதில் யாரிடம் இருக்கிறது? இந்திய அரசாங்கமும் இலங்கை மாணவர்களுக்குப் பட்டப்பின்படிப்புப் பரிசில்கள் தருகிறது.

தடை எங்கே என்றும் எமக்குத் தெரியும். பிள்ளை பட்டம் பெறும்வரை வீடு கடனில் ஓடியிருக்கும். பட்டம் கிடைத்த மறுநாள் "வேலை எப்போது?" என்று கேட்போம். அப்படிக் கேட்பதில் பிழையில்லை, அடுப்பு எரியவேண்டுமே. பரிசில் பிள்ளையின் செலவைப் பார்க்கும், வீட்டின் செலவைப் பார்க்காது. பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் சேர்ந்துவரும்.

அதனால் மூன்று விஷயங்கள் கேட்கிறோம். பெற்றோரே, படிக்க விரும்பும் பிள்ளைக்கு விண்ணப்பிக்க ஒரு வருடம் கொடுங்கள். பட்டதாரிகளே, வேலைக்குப் போனாலும் ஆங்கிலத்தை விடாதீர்கள். பரிசில் வாசலில் நிற்கும் பூட்டு அதுதான். சங்கமே, ஆங்கிலப் பரீட்சைக் கட்டணத்துக்கும் விண்ணப்பச் செலவுக்கும் ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். சந்தா கொடுப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அது போகும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்தில் பட்டம் முடித்த பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்குவோம்.